லிட்டருக்கு இவ்வளவு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். குறையவில்லை என்றால் அந்த நாற்காலியை மாற்று. அரசாங்கம் உன்னை உட்காரத்தான் சொன்னது, ஒடியச் சொல்லவில்லை. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான்.

போனில் பேசியிருக்கலாம். போன வாரம் கூப்பிட்டபோது, "மீட்டிங்ல இருக்கேன்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். உன் "அப்புறம்" எந்த மாதத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. கடிதம் என்றால் நீ நடுவில் துண்டிக்க முடியாது, முழுசும் படித்தாக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் நுரை நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியபோது நான் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். நீயும் சுற்றுச்சூழல் துறையில் உட்கார்ந்துகொண்டு விதி எழுதினாய்: சாய ஆலை வெளியே விடும் தண்ணீரில் லிட்டருக்கு இவ்வளவுக்கு மேல் உப்பும் சாயமும் இருக்கக் கூடாது என்று. இப்போது வாய்க்காலின் அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. தெருவில் உன்னைப் பெருமையாகப் பேசுகிறார்கள், நானும் தடுக்கவில்லை.

இன்னொரு நல்ல செய்தி. ஆலையில் அத்தானைச் சாயத் தொட்டியிலிருந்து பம்ப் அறைக்கு மாற்றிவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து உரிந்துகொண்டிருந்த கைத்தோல் இப்போதுதான் ஆறியிருக்கிறது. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைத் தொடாமல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி கெட்ட செய்தி. என் சலவைக் கடை போர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டாரைப் போட்டால் இருமுகிறது. மெக்கானிக் வந்து இரண்டு நாள் குடைந்துவிட்டு, "மோட்டார் நல்லாத்தாங்க இருக்கு, தண்ணிதான் இல்ல" என்றார். அதைச் சொல்ல இரண்டு நாள். ஆஸ்பத்திரி விரிப்புகளும் விடுதி விரிப்புகளும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. என்னை நம்பி ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். மழை நன்றாகத்தானே பெய்தது? உன் ஆபீசில் யாருக்காவது காரணம் தெரிந்தால் கேட்டு எழுது.

வீட்டில் அவளை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கோப்பு மூன்றாவது மேசையில் இருக்கிறது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். அத்தானின் கை ஆறியதைப் படித்ததும் இவளிடமும் வாசித்துக் காட்டினேன்.

வாய்க்கால் தெளிந்த விஷயம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. உங்கள் ஊர் ஆலை பன்னிரண்டு சோதனையிலும் தேறியிருக்கிறது. உற்பத்தியும் குறையவில்லை, கூடியிருக்கிறது. வளர்ச்சியா சூழலா என்று சண்டை போடுகிறவர்களுக்கு இனி உங்கள் ஊரைக் காட்டுவோம். மார்ச்சில் அமைச்சர் வந்து ஆலைக்குப் "பசுமை விருது" கொடுக்கப்போகிறார். அடுத்த வருஷம் இதே விதி நாடு முழுக்க வரும். அமைச்சரின் உரையை நான்தான் எழுதுகிறேன் என்பதை வெளியே சொல்லாதே.

போர் விஷயம் பாவம்தான். ஆனால் நிலத்தடி நீர் எங்கள் துறையில் வராது. அது நான்காவது மாடி. நாங்கள் இரண்டாவது மாடி. லிப்ட் வேறு பழுது.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தராசுக்கு,

சின்ன வயசில் வைத்த பேரை மறுபடி எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. யார் சண்டை போட்டாலும் "ரெண்டு பேர் மேலயும் நியாயம் இருக்கு" என்று நடுவில் போய் நிற்பாய், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து உன்னை அடிப்பார்கள். நீ இன்னும் அங்கேயேதான் நிற்கிறாய் என்று உன் கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

என் போரில் தண்ணீர் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. ஆலையின் மதிலுக்கு உள்ளே புதிதாக ஐந்து போர் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் என் போரைப் போல மூன்று மடங்கு ஆழம். சாயம் போட அல்ல. கழிவுத் தண்ணீரோடு கலக்க.

நீ என்ன எழுதினாய்? லிட்டருக்கு இவ்வளவு. அவர்கள் ஒரு குடம் கழிவில் பத்துக் குடம் நல்ல தண்ணீரை ஊற்றுகிறார்கள். லிட்டர் கணக்கு சரியாகிவிடுகிறது. குழம்பில் உப்பு கூடிப்போனால் தண்ணீரை விட்டுச் சமாளிப்போமே, அதேதான். சட்டிக்குள் போன உப்பு எங்கேயும் போகவில்லை. முன்பு வாய்க்காலுக்குப் போன அதே சாயம் அதே அளவு இன்றைக்கும் போகிறது, குளித்து முழுகிவிட்டுப் போகிறது. அந்தக் குளியலுக்கு எங்கள் தெருத் தண்ணீர்.

சோதனைக்காரர் வருகிற காலையில் பெரிய குழாயை முழுசாகத் திறப்பார்கள். அவர் போனதும் பாதி மூடுவார்கள். நீ இதற்கு விருது கொடுக்கிறாய்.

நான்காவது மாடிக்குப் படி இருக்கும். ஏறு. முதுகுக்கும் நல்லது.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தையும் கேட்டுக்கொள்கிறேன், நிஜமாகவே.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசி. அந்த விதி நான் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கிறுக்கியது அல்ல. நிபுணர்கள் இருந்தார்கள், ஆலைக்காரர்கள் இருந்தார்கள், ஒன்றரை வருஷம் பேசினோம். "சீக்கிரம் ஏதாவது செய்யுடா, நாறுது" என்று வாரத்துக்கு ஒரு போன் போட்டவளும் நீதான்.

தண்ணீர் கலக்கிறார்கள் என்றால் அது பெரிய குற்றச்சாட்டு. பெரிய குழாயைத் திறக்கிறார்கள், பாதி மூடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்த மாதிரி எழுதுகிறாய். மதிலுக்கு உள்ளே நடப்பது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? பெயர் இல்லாத புகாரை எங்கள் துறை குப்பையில் போடும். பெயரோடு ஒருவர் எழுதிக் கொடுத்தால் நான் மேலே கொண்டுபோகிறேன்.

உரை எழுதி முடித்தாகிவிட்டது. இனி நிறுத்த முடியாது.

அத்தான் எப்படி இருக்கிறார்?

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

சுகம். மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது.

உன் விருது விழா நடந்து முடிந்தது. பந்தலில் போட்ட இருநூறு நாற்காலிக்கும் வெள்ளை உறை. அதைத் துவைக்கும் ஆர்டர் யாருக்கு வந்தது என்று நினைக்கிறாய்? எனக்குத்தான். மறுத்தால் விடுதி ஆர்டரும் போய்விடும் என்றார்கள். போரில் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர் வாங்கினேன். லாரி எங்கே நிரப்பிக்கொண்டு வந்தது என்று டிரைவரைக் கேட்டேன். "ஆலை வாசல்லதாங்க, அங்கதான் தண்ணி நிறைய இருக்கு" என்றார். என் காலடியிலிருந்து இழுத்த தண்ணீரை எனக்கே விற்கிறார்கள். அதில் துவைத்த உறைமேல் உட்கார்ந்துதான் உன் அமைச்சர் சுற்றுச்சூழலைக் காப்பாற்றினார்.

"தராசின் இரு தட்டும் சமமாக நிற்கும் ஊர் இது" என்று அவர் படித்ததும் கைதட்டினார்கள். எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கை எழவில்லை.

என் கடையில் இரண்டு பெண்களை நிறுத்திவிட்டேன். அதில் ஒருத்தி எதிர்வீட்டுக்காரி. காலையில் நான் துணிக்கொடி கட்டும்போது இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மிச்சம் நால்வருக்கும் இந்தக் கோடை தாண்டுமா என்று சொல்ல முடியாது.

பெயர் கேட்டாய். பெயர் இல்லை.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலைதான்.

நான்காவது மாடிக்கு ஏறினேன். ஐந்து போருக்கும் "தோட்டப் பராமரிப்பு" என்று அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆலையில் தோட்டம் என்று இருப்பது வாசலில் நாலு தொட்டி. திரும்பி வந்து என் விதியை முதல் வரியிலிருந்து படித்தேன். தண்ணீர் கலக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ஒன்றரை வருஷம் பேசிய அத்தனை பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியது ஆலைக்காரர்களுக்கு மட்டும்தான், அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்.

இப்போது நல்ல செய்தி. திருத்தம் தயார். கழிவில் நல்ல தண்ணீர் கலப்பது இனிக் குற்றம். லிட்டர் கணக்கு மட்டும் போதாது, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு சாயம் வெளியே போகிறது என்றும் பார்ப்போம். மேலதிகாரி முதலில் முகத்தைச் சுளித்தார், "முதலீடு பண்றவங்க பயந்து ஓடிருவாங்கய்யா" என்றார். அதனால் இரண்டு பக்கமும் பார்த்து ஒரு வழி செய்தேன். முதலாளியைத் தொடவில்லை. கலக்கும் குழாயைத் திறக்கும் பணியாளரே பொறுப்பு, அவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று போட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியால்தான் கோப்பு நகர்ந்தது. சிறைக்குப் பயந்து எவனும் குழாயைத் தொட மாட்டான், உன் தண்ணீர் உனக்கு.

அத்தானைப் பற்றி இரண்டு கடிதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. கை எப்படி இருக்கிறது?

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

கை நன்றாக இருக்கிறது. அந்தக் கைதான் குழாயைத் திறக்கிறது.

பம்ப் அறை என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீ அதை வீட்டில் வாசித்தும் காட்டினாய். பிறகு மதிலுக்குள் நடப்பது எப்படித் தெரியும் என்று கேட்கிறாய். ஒரு ஆபீஸே நடத்துகிறாய், இதைக்கூடக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லையா?

அவர் என்னிடம் புகார் சொல்லவில்லை. ஜனவரி கடைசியில் ஒருநாள் நான் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தானாக வாய்விட்டுவிட்டார். "நான் திறந்துவிடறதாலதான் உனக்கு வத்துது, தெரியுமா?" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவே இல்லை. ஒரே வீட்டில் அவர் தண்ணீரைத் திறக்கிறார், நான் தண்ணீரைத் தேடுகிறேன், சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

உன்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. திறக்கச் சொன்னவன் விருது வாங்கினான். திறந்தவன் ஜெயிலுக்குப் போவான். இதற்குப் பேர் இரண்டு பக்கமும் பார்ப்பதா? எனக்குத் தண்ணீர் வேண்டும். அவரும் வேண்டும். இதில் எதைத் தட்டில் வைக்கப்போகிறாய் என்று நீயே சொல்.

அக்கா


மே 3

மாப்பிள்ளைக்கு,

வணக்கம். உங்கள் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் அக்கா எழுதியதைத் தபாலில் போட்டது நான்தான். கவரை ஒட்டியிருந்த வேகத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் எழுதியதும் அலமாரியில்தான் இருந்தது, படித்தேன். அக்காவும் தம்பியும் எழுதி எழுதி என்னை உள்ளே தள்ளப் பார்க்கிறீர்கள்.

திருத்தம் வேண்டாம். சும்மா விட்டுவிடுங்கள். நான் திறக்காவிட்டால் அந்த இடத்துக்கு நாளைக்கே ஆள் வரும், நான் மறுபடி தொட்டிக்குப் போவேன். தொட்டி என்றால் என்ன என்று உங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாது. சோற்றில் கை வைத்தால் எரியும். குழந்தையைத் தூக்கினால் அது அழும். எங்கள் பெண் சின்னவளாக இருந்தபோது நான் அவளைத் தூக்கியதே குறைவு, இப்போது அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இந்தக் கை ஆறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கடைக்கு லாரித் தண்ணீர் நான் வாங்கித் தருகிறேன். உங்கள் அக்காவிடம் நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

அத்தான்


ஜூன் 16

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாயா? நான் எழுதி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. திட்டியதற்காக எழுதாமல் இருக்கிறாய் என்றால் இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டு ஒரேயடியாக முடித்திருப்பேன்.

வீட்டில் கவர் ஒன்று குறைகிறது. அத்தான் உனக்கு எழுதினாரா? கேட்டால், "நான் எங்க எழுதறேன்" என்கிறார். அவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும்.

போர் சுத்தமாக நின்றுவிட்டது. கடையில் இப்போது நானும் ஒருத்தியும்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த மாசம்வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதுகு எப்படி இருக்கிறது? கோபத்தில் போன கடிதத்தில் கேட்க மறந்துவிட்டேன்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இரண்டு பேருடைய கடிதத்தையும் மேசை இழுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத முடியாமல் இருந்தேன். நீ திருத்து என்கிறாய், அத்தான் திருத்தாதே என்கிறார். ஆம், அவர் எழுதினார். சொல்ல வேண்டாம் என்றார், இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை நடுவில் நிற்க இடமே இல்லை. விதியை மாற்றினேன். பணியாளர் என்று இருந்த வரியை அடித்துவிட்டு, ஆலையின் உரிமையாளர் பொறுப்பு என்று எழுதினேன். கலப்பதற்காகப் போட்ட ஐந்து போரையும் அடைக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன்யா இவ்வளவு வேகம், இது உங்க வீட்டுப் பிரச்சினையா?" என்றார். "ஆமாங்க, எங்க அக்கா வீட்டுப் பிரச்சினைதான்" என்றேன். யோசித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கோப்பை நான் தொடக் கூடாதாம். அன்றைக்கே கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். இப்போது என்னை ஆபீஸ் தளவாடப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நாற்காலி, மேசை, மின்விசிறி. என் நாற்காலிக் கோப்பு என்னிடமே வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

விதி வந்துவிடும் என்கிறார்கள். உரிமையாளர் என்ற வார்த்தை நிற்கும். போர் விஷயத்தில் "சமநிலை கருதி" ஏதோ குறைப்பார்களாம். அந்த வார்த்தையை இந்த ஆபீசுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அத்தானுக்கு ஜெயில் இல்லை. ஆனால் பம்ப் அறை இருக்காது. அதற்கு என்னிடம் வழி இல்லை அக்கா. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை நான் செய்யவில்லை. அவரிடம் சொல்ல எனக்கு வாயில்லை, நீயே சொல்லிவிடு.

தம்பி


செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

புது நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். கையை ஊன்றிக்கொண்டு எழுந்திரு, சட்டென்று எழாதே. இங்கே நான் சுகம்.

ஐந்து போரில் மூன்றை அடைத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் "சமநிலை" கருதி ஓடுகின்றன. முதலாளி கழிவைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை முதல்தடவையாக ஓட விட்டிருக்கிறார், இத்தனை வருஷமாக அதன்மேல் உறை போட்டு வைத்திருந்தார்களாம். செலவு கூடிவிட்டது என்று ஒரு ஷிப்டை எடுத்துவிட்டார். பம்ப் அறையில் இருந்தவர்களைத் தொட்டிக்குப் போகச் சொன்னார்கள். அத்தான் தொட்டிவரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது என் கடையில் இஸ்திரி போடுகிறார். வந்த முதல் வாரம் இரண்டு தலையணை உறையைப் பொசுக்கினார். உன் பேச்சை எடுத்தால் பெட்டியை ஓங்கி வைக்கிறார், மடிப்பு நன்றாக விழுகிறது. அதனால் அவசர ஆர்டர் வரும்போது மட்டும் உன் பேச்சை எடுக்கிறேன். தெருவில் பாதிப் பேர் ஷிப்ட் போன கோபத்தில் என்னோடு பேசுவதில்லை. மீதிப் பேர் குடத்தோடு வந்து நிற்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி இரண்டு கட்சியிலும் இருக்கிறாள்: பேசுவதில்லை, குடத்தை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆம், குடம். போன வாரம் ஒரு காலையில் சும்மா மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். முதலில் காற்று, அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். நான் தொட்டியோரமே உட்கார்ந்து அழுதுவிட்டேன், வேறு என்ன செய்ய. ஒரு மணி நேரம் வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம். மிச்ச நேரத்துக்கு விதி எழுதுகிற ஆள் உங்கள் ஆபீசில் எந்த மாடியில் இருக்கிறார் என்று விசாரித்துச் சொல், அவருக்கும் எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அத்தான் வந்து பின்னால் நின்றார். யாருக்கு என்று கேட்கவில்லை. "அவன் முதுகு எப்படி இருக்குன்னு கேளு" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார்.

சொல்லவில்லை. எழுதியிருக்கிறேன். பதில் அவர் பேருக்குப் போடு.

உன் அக்கா